ஸ்கீமாவின் பெயர் வழியே நுழைந்த ஊடுருவல்: போஸ்ட்கிரெஸ் சிவிஇ-2023-39417, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்ட் 10 அன்று போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தள மென்பொருள் தன் காலாண்டுத் திருத்தப் பதிப்புகளை வெளியிட்டது: 15.4, 14.9, 13.12, 12.16, 11.21. பதினாறாம் பதிப்பின் மூன்றாவது பீட்டாவும் அன்றே வந்தது. அந்த வெளியீட்டில் அடைக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகளில் ஒன்று சிவிஇ-2023-39417 (சிவிஇ என்பது அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). ஒரு தரவுத்தளத்தில் 'கிரியேட்' உரிமை மட்டும் வைத்திருக்கும் பயனர், குறிப்பிட்ட சூழலில், அந்த சர்வர் முழுவதற்கும் மேலான சூப்பர்யூசராகத் தன் கட்டளைகளை ஓட்டிவிட முடியும் என்பதே குறை. வழி, எஸ்கியூஎல் ஊடுருவல்: தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் எழுதிய கட்டளைக்குள், வெறும் தரவுபோல நுழைந்து கட்டளையாகவே மாறிவிடும் உள்ளீடு.

எஸ்கியூஎல் ஊடுருவல் என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது இணையப் பயன்பாட்டின் உள்நுழைவுப் படிவம். பயனர்பெயர்ப் பெட்டியில் ஒற்றை மேற்கோளைத் தட்டுகிறார்கள், நிரலாளர் சரங்களை ஒட்டவைத்து வினவல் கட்டியிருக்கிறார், அட்டவணை வெளியே வந்துவிடுகிறது. அங்கே தவறு பயன்பாட்டை எழுதியவருடையது. தரவுத்தளம் சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். இந்த நிகழ்வில் சரங்களை ஒட்டவைத்தது தரவுத்தள மென்பொருளே. ஒட்டவைத்த சரத்தைத் தன்னிடம் உள்ள ஆக உயர்ந்த உரிமையோடு ஓட்டியதும் அதுவே. அதனால்தான் இதை ஆற அமரப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் நிறுவப்படும் விதம்

போஸ்ட்கிரெஸில் எக்ஸ்டென்ஷன் என்பது ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பும், ஒன்றோ பலவோ எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட்களும் சேர்ந்த, தரவுத்தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் தொகுப்பு. 2011இல் வந்த 9.1ஆம் பதிப்பிலிருந்து 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' என்ற ஒரே கட்டளையில் இது நிறுவப்படுகிறது. சர்வர் அந்த ஸ்கிரிப்ட்டை வட்டிலிருந்து படித்து, அதில் உள்ள செயற்கூறுகளையும் அட்டவணைகளையும் வகைகளையும் உருவாக்குகிறது. கோப்புகளைச் சர்வரின் வட்டில் வைப்பது நிர்வாகியின் வேலை. சாதாரணப் பயனரால் அங்கே எதையும் எழுத முடியாது. இந்தப் பிரிவினை முக்கியமானது: ஸ்கிரிப்ட்டின் உள்ளடக்கம் நம்பத்தக்கது, ஏனென்றால் அதை வைத்தவர் நிர்வாகி.

2020 செப்டம்பரில் வந்த 13ஆம் பதிப்பு இதில் ஒரு வசதியைச் சேர்த்தது. அதுவரை பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்களை நிறுவ சூப்பர்யூசர் தேவை. எச்ஸ்டோர், பிஜி_டிரைகிராம் போன்ற தீங்கற்றவற்றுக்குக்கூட நிர்வாகியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 13இல் கட்டுப்பாட்டுக் கோப்பில் 'டிரஸ்டட்' என்றொரு குறி வந்தது. அந்தக் குறி உள்ள எக்ஸ்டென்ஷனை, நடப்புத் தரவுத்தளத்தில் கிரியேட் உரிமை உள்ள எவரும் நிறுவலாம். ஆனால் அதன் ஸ்கிரிப்ட் நிறுவுகிறவரின் உரிமையில் ஓடாது. தரவுத்தள அமைப்பை முதன்முதலில் உருவாக்கும் இனிட்டிபி நிரல் ஓடும்போதே பிறக்கும் முதல் சூப்பர்யூசரின் உரிமையில் ஓடும். அவருக்கு 'பூட்ஸ்ட்ராப் சூப்பர்யூசர்' என்று பெயர். பெரும்பாலான நிறுவல்களில் அவர் பெயர் 'போஸ்ட்கிரெஸ்' என்றே இருக்கும்.

நல்ல வசதி இது. வாடிக்கையாளருக்கு சூப்பர்யூசர் உரிமை தராமல் தரவுத்தளத்தை மட்டும் தரும் நிர்வகிக்கப்பட்ட சேவைகளுக்கு இது பெரும் உதவி. அதே சமயம் உரிமையின் எல்லைக்கோட்டைக் கீழ்நிலைப் பயனரே தூண்டிவிட்டுக் கடக்கும் இடம் ஒன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. யூனிக்ஸில் செட்யூஐடி நிரலை (ஓட்டுகிறவரின் உரிமையில் அல்லாமல் நிரலின் உரிமையாளரின் உரிமையில் ஓடுவதை) எழுதுகிறவர் எவ்வளவு விழிப்போடு இருக்கவேண்டுமோ, டிரஸ்டட் ஸ்கிரிப்ட்டை எழுதுகிறவரும் அவ்வளவு விழிப்போடு இருக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் எழுதுகிற எத்தனை பேர் தங்களை அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்?

நம்பத்தகாத ஒரு சொல்

ஸ்கிரிப்ட் நம்பத்தக்கது என்றேன். ஆனால் அது ஓடுவதற்கு முன் சர்வர் அதில் ஒரு மாற்றத்தைச் செய்கிறது. எக்ஸ்டென்ஷன் எந்த ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் பொருள்களைப் பிரித்து வைக்கும் பெயரிட்ட பகுதியில்) உட்காரும் என்பதைப் பல வேளைகளில் நிறுவுகிறவரே தேர்ந்தெடுக்கிறார். ஸ்கிரிப்ட் எழுதியவருக்கு அந்தப் பெயர் முன்கூட்டித் தெரியாது. ஆகவே அவர் பெயர் வரவேண்டிய இடங்களில் @எக்ஸ்ட்ஸ்கீமா@ என்ற இடக்குறியை எழுதி வைக்கிறார். நிறுவிய பிறகு வேறு ஸ்கீமாவுக்கு நகர்த்த முடியாதவை என்று அறிவிக்கப்பட்ட எக்ஸ்டென்ஷன்களில், சர்வர் இந்தக் குறியை நீக்கிவிட்டு உண்மையான பெயரை வைக்கிறது. நிறுவுகிறவரின் பெயருக்கு @எக்ஸ்ட்ஓனர்@ என்ற குறி உண்டு. 16ஆம் பதிப்பில், தான் சார்ந்திருக்கும் வேறொரு எக்ஸ்டென்ஷனின் ஸ்கீமாவைக் குறிக்கும் மூன்றாவது வடிவமும் வந்தது.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. சர்வர் ஸ்கிரிப்ட்டைத் தொடரியல் மரமாக அலசிப் பார்த்து, மரத்தில் உரிய கணுவில் பெயரைப் பொருத்துவதில்லை. ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரே நீண்ட எழுத்துச்சரமாக எடுத்துக்கொண்டு, குறி வரும் இடமெல்லாம் பெயரை வைத்துவிடுகிறது. அலசல் அதற்குப் பிறகுதான். உயரதிகாரி முன்கூட்டியே கையெழுத்திட்ட கடிதத்தில் ஓர் இடத்தை வெற்றாக விட்டு, அதை விண்ணப்பிக்கிறவரையே நிரப்பிக்கொள்ளச் சொல்வது போன்றது இது.

போஸ்ட்கிரெஸ் நிரலாளர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. பெயரை வைக்கும் முன் அதைக் குவோட்_ஐடென்டிஃபையர் என்ற செயற்கூறு வழியே அனுப்பினார்கள். சிறிய ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு இவை மட்டும் கொண்ட, ஒதுக்கப்பட்ட சொல் அல்லாத பெயராக இருந்தால் அது அப்படியே வரும். மற்ற எதுவாயினும் இரட்டை மேற்கோளுக்குள் போகும்; பெயருக்குள்ளேயே இரட்டை மேற்கோள் இருந்தால் அது இருமடங்காகும். அடையாளப்பெயர்களுக்கு எஸ்கியூஎல் வகுத்த முறை இதுவே. இதில் பிழையில்லை. ஸ்கிரிப்ட்டில் மேற்கோள் எதற்குள்ளும் சிக்காமல், வெறுமனே

கிரியேட் டேபிள் @எக்ஸ்ட்ஸ்கீமா@.பதிவேடு

என்று இருந்தால், எவ்வளவு விபரீதமான பெயரை வைத்தாலும் அது பெயராகவே நிற்கும். ஊடுருவல் கிடையாது.

இனி இதைப் பாருங்கள்:

கிரியேட் ஃபங்ஷன் @எக்ஸ்ட்ஸ்கீமா@.எண்ணு() ... ஆஸ் $$ செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் @எக்ஸ்ட்ஸ்கீமா@.பதிவேடு $$

இரண்டாவது குறி டாலர் மேற்கோளுக்குள் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் செயற்கூற்றின் உடல் என்பது ஒரு சரம். அதை இரு டாலர்களால் திறந்து இரு டாலர்களால் மூடுவது வழக்கம். அந்தச் சரத்துக்குள் இருக்கும்போது சொல்பகுப்பிக்கு (எழுத்துகளைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதிக்கு) இரட்டை மேற்கோள் ஒரு பொருட்டே இல்லை. அது தேடுவது ஒன்றையே: அடுத்த இரு டாலர் எங்கே? பெயருக்குள் இரு டாலர்கள் இருந்தால், குவோட்_ஐடென்டிஃபையர் எவ்வளவு பத்திரமாக இரட்டை மேற்கோளிட்டுத் தந்திருந்தாலும், சரம் அங்கேயே முடிந்துவிடும். அதன் பின் வரும் எழுத்துகள் ஸ்கிரிப்ட்டின் கட்டளைகளாகவே படிக்கப்படும். ஒற்றை மேற்கோளுக்குள் குறி வந்தாலும் இதே கதிதான். பெயரில் உள்ள ஓர் ஒற்றை மேற்கோளை குவோட்_ஐடென்டிஃபையர் இருமடங்காக்காது, அது அதன் வேலையும் அல்ல. இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், செயற்கூறு தானே சேர்க்கும் மேற்கோள்களே பகையாகிவிடும்.

ஸ்கீமாவுக்குப் பெயர் வைப்பது யார்? தரவுத்தளத்தில் கிரியேட் உரிமை உள்ளவர். டிரஸ்டட் எக்ஸ்டென்ஷனை நிறுவத் தேவையானதும் அதே உரிமைதான். ஒரே உரிமை இரண்டு வாசல்களையும் திறக்கிறது. முதலில் விஷமான பெயரில் ஒரு ஸ்கீமா, பிறகு அந்த ஸ்கீமாவைக் காட்டி எக்ஸ்டென்ஷன் நிறுவல். வேறெவரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, நிர்வாகி எப்போது எதைச் செய்வார் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை.

எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம்

இதை ஊதிப் பெருக்காமல் சொல்லவேண்டும். போஸ்ட்கிரெஸோடு சேர்ந்து வரும் எக்ஸ்டென்ஷன் எதுவும் இதற்கு ஆளாகவில்லை. ஆபத்தான பயன்பாடு ஆவணத்தில் இருந்த ஓர் எடுத்துக்காட்டிலும், வெளியார் எழுதிய எக்ஸ்டென்ஷன்களிலும் காணப்பட்டது. ஆகவே தாக்குதல் கைகூட மூன்று பொருந்தவேண்டும்: வெளியிலிருந்து வந்த எக்ஸ்டென்ஷனின் கோப்புகள் சர்வரில் இருக்கவேண்டும், அது டிரஸ்டட் என்று குறிக்கப்பட்டிருக்கவேண்டும், அதன் ஸ்கிரிப்ட்டில் மேற்கோளுக்குள் இடக்குறி இருக்கவேண்டும். போஸ்ட்கிரெஸ் குழு இதற்குத் தந்த சிவிஎஸ்எஸ் (குறையின் கடுமையைப் பத்துக்கு அளவிடும் முறை) மதிப்பு 7.5.

நுட்பத் தடைகளும் உண்டு. பெயரின் நீளம் 63 பைட்டுக்கு மேல் போகாது. ஒரு ரோலை (பயனர் கணக்கை) சூப்பர்யூசர் ஆக்கும் கட்டளை அதற்குள் தாராளமாக அடங்கிவிடும் என்பதால் இது பெரிய ஆறுதல் அல்ல. அதைவிட வலுவான தடை வேறு. அப்போதைய பதிப்புகளில் சர்வர் ஸ்கிரிப்ட் முழுவதையும் முதலில் அலசிவிட்டுத்தான் முதல் கட்டளையை ஓட்டும். பெயரால் சிதைந்த சரத்தின் மிச்சம் எங்காவது தொடரியல் பிழையாக நின்றால், எதுவுமே ஓடாது. ஒரே குறி ஸ்கிரிப்ட்டில் பல இடங்களில் வந்தால் ஒவ்வோர் இடத்திலும் அது சரியாக முடியவேண்டும். அதாவது தாக்குபவர் குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனின் ஸ்கிரிப்ட்டை உட்கார்ந்து படித்து, அதற்கென்றே பெயரை வடிவமைக்க வேண்டும். திறந்த மூல எக்ஸ்டென்ஷன்களில் ஸ்கிரிப்ட் எல்லோர் கையிலும் இருப்பதால், இது பொறுமையைக் கேட்கும் வேலை, முடியாத வேலை அல்ல.

எதிர்த் திசையில் ஒன்று. செயற்கூற்றை உருவாக்கும்போதே அதன் உடலைச் சரிபார்க்கும் அமைப்பு, எக்ஸ்டென்ஷன் ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் அணைக்கப்பட்டிருக்கும். தகுந்த காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கவிளைவாக, பாதியில் அறுந்துபோன உடலோடு ஒரு செயற்கூறு பிறந்தாலும் அந்த நொடியில் எவரும் எதிர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

சூப்பர்யூசர் ஆனபின் என்ன நடக்கும் என்பதற்கு விளக்கம் அதிகம் வேண்டாம். அதே சர்வரில் உள்ள மற்ற தரவுத்தளங்கள் எல்லாம் திறந்துவிடும். வரிசை வாரியான பாதுகாப்பு விதிகள் அவரைக் கட்டுப்படுத்தா. 'காப்பி' கட்டளையின் 'புரோகிராம்' வடிவத்தால் இயங்குதளக் கட்டளைகளையே ஓட்டலாம். போஸ்ட்கிரெஸ் சேவை எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராக. தனியொருவர் தன் கணினியில் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் உரிமையாளரும் சூப்பர்யூசரும் ஒருவரே என்பதால் இது பொருட்டில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே கிளஸ்டரை (ஒரே சர்வர் நிர்வகிக்கும் தரவுத்தளத் தொகுப்பை) பகிரும் இடத்திலும், வாடிக்கையாளருக்கு வேண்டுமென்றே சூப்பர்யூசர் மறுக்கப்படும் இடத்திலும், கோட்டைச் சுவரே இதுதான்.

திருத்தம்: தப்பவைக்காமல் மறுத்தார்கள்

குறையைப் புகாரளித்தவர்கள் நான்கு பேர் என்று போஸ்ட்கிரெஸ் குழு நன்றி தெரிவித்திருக்கிறது. வந்த திருத்தம் சின்னது. ஸ்கிரிப்ட்டில் இடக்குறி உண்மையிலேயே மாற்றப்பட்டிருந்து, வைக்கப்பட்ட பெயரில் இரட்டை மேற்கோள், டாலர், ஒற்றை மேற்கோள், பின்சாய்கோடு ஆகிய நான்கில் ஏதேனும் இருந்தால், சர்வர் பிழை காட்டி நிறுவலை நிறுத்திவிடும். அவ்வளவே. இடக்குறியே இல்லாத எக்ஸ்டென்ஷனை அப்படிப்பட்ட பெயருள்ள ஸ்கீமாவில் நிறுவ இப்போதும் தடையில்லை.

முதல்முறை படிக்கும்போது இது அரைகுறைத் திருத்தம் போலத் தோன்றலாம். சிறப்பு எழுத்துகளைச் சரியாக மேற்கோளிட்டு வெறும் எழுத்தாக்காமல் (இதையே 'தப்பவைத்தல்' என்கிறேன்) ஏன் மறுக்கவேண்டும்? முறையான ஸ்கீமாப் பெயரில் டாலர் வரக்கூடாதா என்ன? யோசித்துப் பார்த்தால், மறுத்ததே சரி என்பது என் முடிவு.

இடக்குறி நிற்கும் இடத்தில் எந்த மேற்கோள் முறை நடப்பில் இருக்கிறது என்பது சர்வருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஸ்கிரிப்ட்டைச் சொல்பகுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பகுப்பு முதல் அடுக்கை மட்டுமே காட்டும். போஸ்ட்கிரெஸில் செயற்கூறு எழுதும் மொழிகளில் ஒன்றான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதிய ஒன்றை நினைத்துப் பாருங்கள். வெளியே டாலர் மேற்கோள். உள்ளே, சரத்தை வினவலாக ஓட்டும் 'எக்ஸிக்யூட்' கட்டளைக்குத் தரும் ஒற்றை மேற்கோள் சரம். அந்தச் சரத்துக்குள் ஸ்கீமாவின் பெயர். இந்தப் பெயரை மூன்று வாசகர்கள் மூன்று வேளைகளில் படிப்பார்கள்: நிறுவும்போது ஸ்கிரிப்ட்டின் சொல்பகுப்பி, பின்பு மொழியின் அலசி, ஓடும்போது எக்ஸிக்யூட் அனுப்பும் வினவலின் அலசி. முதல் வாசகருக்காகத் தப்பவைத்தால் இரண்டாமவருக்குத் தப்பாகும். எல்லா அடுக்குக்கும் பொருந்தும் ஒரே மேற்கோள் முறை இல்லவே இல்லை. அந்த நான்கு எழுத்துகளும் பெயரில் இல்லை என்றால் மட்டும், எந்த அடுக்கில் நின்றாலும் பெயரால் சரத்தை உடைத்து வெளியேற வழி கிடைப்பது அரிது. விலையாகக் கொடுத்தது, டாலரும் மேற்கோளும் கொண்ட ஸ்கீமாப் பெயர்களை. அந்த விலை மலிவு.

வழக்கமான அறிவுரையான அளவுருப் பிணைப்பு (உள்ளீட்டைக் கட்டளையில் ஒட்டாமல் தனியே அனுப்புவது) இங்கே ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவுரு என்பது மதிப்புகளுக்கானது. ஸ்கீமா, அட்டவணை, ரோல் இவற்றின் பெயரை அளவுருவாகத் தர முடியாது; 'கிரியேட்', 'ஆல்டர்' வகைக் கட்டளைகள் அளவுருக்களை ஏற்பதும் இல்லை. பெயர்கள் மாறும் இடத்தில் சரத்தை ஒட்டித்தான் ஆகவேண்டும். உரிமை சார்ந்த எஸ்கியூஎல் ஊடுருவல்கள் தரவுத்தள மென்பொருளுக்குள் இத்தனை ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப முளைப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன். நிர்வாகக் கட்டளைகள் பெயர்களால் ஆனவை, பெயர்களை வைப்பவர்கள் கீழ்நிலைப் பயனர்கள், கட்டளைகளை ஓட்டுபவர்கள் மேல்நிலையில் இருப்பவர்கள்.

ஆரக்கிள் தரவுத்தளமும் இதே பாதையில் நடந்திருக்கிறது. அங்கே பிஎல்/எஸ்கியூஎல் பொதிகள் (ஆரக்கிளின் நிரல்மொழியில் எழுதிய செயற்கூற்றுத் தொகுப்புகள்) இயல்பாகவே எழுதியவரின் உரிமையில் ஓடும். 'சிஸ்' என்ற உச்ச உரிமைப் பயனருக்குச் சொந்தமான, எல்லோரும் அழைக்கக்கூடிய பொதிகள் தமக்கு வந்த ஸ்கீமாப் பெயரையும் பொருட்பெயரையும் வினவலில் நேரே ஒட்டியதால், 2000களின் நடுப்பகுதியில் அடுத்தடுத்துக் குறைகள் வெளிவந்தன. 10ஜி இரண்டாம் வெளியீட்டில், பெயர்களைச் சோதித்து மேற்கோளிடுவதற்கென்றே டிபிஎம்எஸ்_அசெர்ட் என்ற பொதி சேர்க்கப்பட்டது. மென்பொருள் வேறு, நோய் ஒன்று.

இதே கதவில் முன்பு தட்டியவர்கள்

சிவிஇ-2023-39417ஐத் தனியே படித்தால் அதன் பாதிதான் புரியும். எக்ஸ்டென்ஷன் ஸ்கிரிப்ட் உயர் உரிமையில் ஓடுகிறது என்ற ஒரே உண்மையைச் சுற்றி அதற்கு முன்பே இரண்டு குறைகள் அடைக்கப்பட்டிருந்தன.

2020 ஆகஸ்டில் சிவிஇ-2020-14350. ஸ்கிரிப்ட்டுக்குள் ஸ்கீமாவின் பெயரைச் சொல்லாமல் ஒரு செயற்கூற்றை அழைத்தால், தேடுபாதையில் (சர்வர் தேடிப்பார்க்கும் ஸ்கீமாக்களின் வரிசையில்) தாக்குபவர் முன்கூட்டி வைத்திருக்கும் அதே பெயருள்ள செயற்கூறு சிக்கிக்கொள்ளலாம்; நிறுவும் சூப்பர்யூசரின் உரிமையில் அது ஓடும். அந்தமுறை போஸ்ட்கிரெஸ் தன்னோடு வரும் எக்ஸ்டென்ஷன்களைத் திருத்தியது, வெளியார் தங்கள் ஸ்கிரிப்ட்களை எப்படிப் பாதுகாப்பாக எழுதவேண்டும் என்று வழிகாட்டியது. பொறுப்பு எழுத்தாளர்களிடம் போனது.

2022 ஆகஸ்டில் சிவிஇ-2022-2625. 'இருந்தால் மாற்று', 'இல்லாவிட்டால் உருவாக்கு' வகைக் கட்டளைகளை ஸ்கிரிப்ட் பயன்படுத்தினால், தாக்குபவர் அந்தப் பெயரில் ஒரு பொருளை முந்திக்கொண்டு உருவாக்கி வைக்கலாம். எக்ஸ்டென்ஷன் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும்; பொருளின் உரிமை தாக்குபவரிடமே இருக்கும். இம்முறை திருத்தம் சர்வரின் மையத்தில் வந்தது. எக்ஸ்டென்ஷனுக்குச் சொந்தமில்லாத பொருளை ஸ்கிரிப்ட் மாற்றவோ தத்தெடுக்கவோ சர்வரே விடாது.

2023இலும் திருத்தம் மையத்திலேயே வந்தது; தனித்தனி எக்ஸ்டென்ஷன்களை மாற்றத் தேவையில்லை என்று குழு வெளிப்படையாகச் சொன்னது. மூன்றையும் வரிசையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனநிறைவு தருவது இந்த நகர்வுதான். எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்வது தேவையே. ஆனால் உலகில் எத்தனை எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை கைவிடப்பட்டவை, எத்தனை ஒரு நிறுவனத்துக்குள்ளேயே புழங்குபவை என்பது எவருக்கும் தெரியாது. எல்லா ஸ்கிரிப்ட்களும் ஒரு செயற்கூறு வழியாகத்தான் ஓடுகின்றன. காவலை அங்கே வைத்தால், ஆவணத்தின் பழைய எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதியவரும் காப்பாற்றப்படுவார்.

டிரஸ்டட் குறி 13இல் வந்தது என்றேன். ஆனாலும் திருத்தம் 11, 12 பதிப்புகளுக்கும் போனது. அங்கே சூப்பர்யூசர் தானே நிறுவவேண்டும் என்பதால் அவசியமில்லை என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கும் எக்ஸ்டென்ஷனை வாடிக்கையாளர் சொல்லும் ஸ்கீமாவில் நிறுவித்தரும் தானியங்கி நிரலை நிர்வாகிகள் எழுதி வைத்திருப்பார்கள். அது சூப்பர்யூசராக ஓடும். நகலெடுத்த தரவுத்தளத்தை மீட்கும்போதும் இதே நிலை: நகலெடுக்கும் கருவியான பிஜி_டம்ப் எழுதும் கோப்பில் எக்ஸ்டென்ஷனை எந்த ஸ்கீமாவில் நிறுவவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது, மீட்பவர் பெரும்பாலும் சூப்பர்யூசர். டிரஸ்டட் குறி இல்லாமலே பெயர் எல்லையைக் கடந்துவிடுகிறது.

பெயர் வழியே தாக்குதல் என்ற இந்த வகை அதோடு ஓயவும் இல்லை. 2025 ஆகஸ்டில் சிவிஇ-2025-8715 வெளியானது. பொருளின் பெயருக்குள் ஒரு வரிமுறிவை வைத்தால், பிஜி_டம்ப் அதைத் தன் வெளியீட்டில் எழுதும்போது, மீட்பவரின் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரி நிரலிலும் மீட்கப்படும் சர்வரிலும் தாக்குபவரின் கட்டளை ஓடும். இதே வகைக் குறை 2012இலேயே ஒருமுறை அடைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் சிவிஇ-2025-1094, பயன்பாடுகள் சர்வரோடு பேச உதவும் நூலகமான லிப்பிக்யூவின் மேற்கோளிடும் செயற்கூறுகளிலேயே குறை கண்டது: தவறான யூடிஎஃப்-8 பைட்டுகள் கலந்த உள்ளீட்டை அவை மேற்கோளிட்டுத் தந்தாலும், பிஎஸ்கியூஎல் அதை வேறுவிதமாகப் படித்துவிடும். மேற்கோளிடுபவரும் படிப்பவரும் ஒரே விதமாக எழுத்துகளைப் பார்க்கவேண்டும். பார்வை பிசகும் இடம்தான் ஊடுருவலின் இடம்.

உங்கள் சர்வரில் பார்க்கவேண்டியவை

பதிப்பை உயர்த்துவது முதல் வேலை, அதில் விவாதம் இல்லை. 11ஆம் பதிப்பின் ஆதரவு 2023 நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

அடுத்து, டிரஸ்டட் எக்ஸ்டென்ஷன்கள் எவை என்று அறியுங்கள். பிஜி_அவைலபிள்_எக்ஸ்டென்ஷன்_வெர்ஷன்ஸ் என்ற காட்சியில் 13ஆம் பதிப்பிலிருந்து 'டிரஸ்டட்' என்ற பத்தி இருக்கிறது. நிறுவப்பட்டவை மட்டுமல்ல, நிறுவத் தயாராக வட்டில் கிடப்பவையும் அதில் வரும். தாக்குபவருக்கு இரண்டும் ஒன்றே. போஸ்ட்கிரெஸோடு வந்தவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தின் ஸ்கிரிப்ட்களைத் திறந்து, இடக்குறிகள் எங்கே நிற்கின்றன என்று கண்ணால் பாருங்கள். திருத்தப்பட்ட சர்வரிலும் இது வீண் உழைப்பல்ல. ஒருவர் இடக்குறியை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பது அவர் மற்ற இடங்களில் எப்படி எழுதியிருப்பார் என்பதற்கு நல்ல அடையாளம். வேண்டாத எக்ஸ்டென்ஷன் கோப்புகளை வட்டிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

தரவுத்தள அளவிலான கிரியேட் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இயல்பாக அது உரிமையாளரிடம் மட்டுமே இருக்கும். ஆனால் பயன்பாட்டுக் கணக்கையே உரிமையாளராக வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி வைத்திருந்தால், பயன்பாட்டில் உள்ள ஒரு சாதாரண ஊடுருவல் இந்தக் குறையோடு கைகோத்து, இணையப் படிவத்திலிருந்து இயங்குதளம் வரை நீளக்கூடும். அட்டவணைகளை உருவாக்கும் ரோல் ஒன்றாகவும் அன்றாடம் படித்து எழுதும் ரோல் வேறாகவும் இருப்பது பழைய அறிவுரைதான். இந்த நிகழ்வு அதற்குப் புதிய காரணம் தருகிறது.

உங்கள் சொந்த நிரலில், 'செக்யூரிட்டி டிஃபைனர்' செயற்கூறுகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். அவையும் கீழ்நிலைப் பயனர் அழைக்க, மேல்நிலை உரிமையில் ஓடுபவை. உள்ளே எக்ஸிக்யூட் இருந்தால், பெயர்களுக்கு 'ஃபார்மட்' செயற்கூற்றின் சதவீத-ஐ (%I) வடிவமும் மதிப்புகளுக்கு 'யூசிங்' பகுதியும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றனவா? தேடுபாதை செயற்கூற்றிலேயே நிலைநிறுத்தப்பட்டு, தற்காலிக ஸ்கீமா கடைசியில் வைக்கப்பட்டிருக்கிறதா? சதவீத-ஐ வடிவத்தின் விளைவை மீண்டும் ஒரு மேற்கோளுக்குள் வைத்திருந்தால், இந்த ஆய்வில் பார்த்த அதே பிழையை உங்கள் வீட்டில் வளர்க்கிறீர்கள்.

ஏற்கெனவே யாராவது முயன்றார்களா என்று அறிய, ஸ்கீமாக்களின் பட்டியலில் அந்த நான்கு எழுத்துகளில் ஒன்று வரும் பெயர்களைத் தேடலாம். சூப்பர்யூசர் உரிமை உள்ள ரோல்களின் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். எதுவும் கிட்டவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சூப்பர்யூசர் ஆனவர் ஸ்கீமாவை நீக்கிவிட்டுப் போக ஒரு வரி போதும். சர்வருக்கு வெளியே அனுப்பிச் சேமிக்கும் பதிவுகள் இருந்தால், அவற்றில் கிரியேட் எக்ஸ்டென்ஷன், கிரியேட் ஸ்கீமா கட்டளைகளைத் தேடுவது பலன் தரும். ஆனால் கட்டமைப்பு மாற்றும் கட்டளைகளைப் பதியும்படி முன்பே அமைத்திருந்தால்தான் அவை அங்கே இருக்கும்.

திருத்தத்துக்குப் பின் வரும் ஒரு சிக்கலையும் சிலர் சந்திக்கக்கூடும். தாக்குதல் எண்ணம் எதுவுமின்றி, பெயரில் டாலரோ மேற்கோளோ கொண்ட ஸ்கீமாவில் முன்பே எக்ஸ்டென்ஷனை நிறுவியிருந்தால், அது தொடர்ந்து ஓடும். ஆனால் 'ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட்' கட்டளையும் ஸ்கிரிப்ட்டை அதே செயற்கூறு வழியேதான் ஓட்டுகிறது என்பதால், புதுப்பிப்பு ஸ்கிரிப்ட்டில் இடக்குறி இருந்தால் அது மறுக்கப்படும். ஸ்கீமாவுக்கு வேறு பெயர் வைத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள்: இடம் மாற்றமுடியாத எக்ஸ்டென்ஷனின் செயற்கூற்று உடல்களில் பழைய பெயர் எழுத்தாகவே பதிந்திருக்கும், பெயரை மாற்றியதும் அவை தேடும் ஸ்கீமா இல்லாமல் போகும். எளிய பெயரில் புதிய ஸ்கீமா உருவாக்கி, எக்ஸ்டென்ஷனைச் சார்ந்த பத்திகளையும் குறியீட்டு அட்டவணைகளையும் (இன்டெக்ஸ்) கணக்கெடுத்து, பழையதை நீக்கிப் புதிதாக நிறுவுவதே வழி. அதை உற்பத்திச் சர்வரில் செய்யும் முன் நகலொன்றில் செய்து பாருங்கள்.